ஊசியும் போட்டாச்சு, மருந்தும் அடிச்சாச்சு: உண்ணி ஏன் போகவில்லை?

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். கோபிசெட்டிபாளையம் பக்கம் வாய்க்கால் பாசனத் தோட்டம். நான்கு ஜெர்சி கலப்பினக் கறவைகள், ஒரு காங்கேயம் பசு, எட்டு மாதத்தில் இரண்டு கிடேரிகள் இருக்கின்றன. ஒரு வருடமாக உண்ணித் தொல்லை தாங்கவில்லை. டெல்டாமெத்ரின் மருந்தை லிட்டருக்கு ஒரு மில்லி கலந்து, எல்லா மாட்டுக்கும் சேர்த்து ஐந்து லிட்டர் அடிக்கிறோம். இரண்டு தடவை ஐவர்மெக்டின் ஊசியும் போட்டாயிற்று. பத்து நாள் சுத்தமாக இருக்கும், பிறகு பழையபடி ஒட்டிக்கொள்ளும். போன மாதம் ஒரு கறவைக்கு 105 டிகிரி காய்ச்சல் வந்து காபி நிறத்தில் மூத்திரம் போனது. ஊசி போட்டுப் பிழைத்தது. அதற்கு முன் மூன்று மாதக் கன்று ஒன்று காய்ச்சலோடு தோள்பட்டைக்கு முன்னால் கட்டி வீங்கி, கண் பிதுங்கிச் செத்துப்போனது. கொட்டகைச் சுவரில் கோடு போட்ட காலோடு ஒரு உண்ணி வேகமாக ஓடுகிறது. காங்கேயம் பசுவுக்கு மட்டும் அவ்வளவாக இல்லை. மருந்து போலியா? கலப்பினத்தை விற்றுவிடலாமா? பறித்துப் போடுகிற உண்ணி எங்களைக் கடித்தால் ஏதாவது ஆகுமா?

பதில்: மருந்து போலி என்று முடிவு கட்டுவதற்கு முன் உங்கள் கலவைக் கணக்கைப் பார்ப்போம். கடையில் கிடைக்கும் 1.25 சதவீத டெல்டாமெத்ரினில் ஒரு மில்லிக்கு 12.5 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. உண்ணிக்கு ஒரு லிட்டர் நீரில் 25 மில்லிகிராம் வேண்டும், அதாவது லிட்டருக்கு 2 மில்லி. நீங்கள் பாதிதான் கலக்கிறீர்கள். அடிக்கிற தண்ணீரோ அதைவிடக் குறைவு. வளர்ந்த மாடு ஒன்று வயிறு, மடி, காது, வாலடி எல்லாம் நனைந்து சொட்ட 3 முதல் 4 லிட்டர் பிடிக்கும். ஐந்து பசுக்களுக்கும் இரண்டு கிடேரிகளுக்கும் சேர்த்து ஏறக்குறைய 20 லிட்டர் கலவை, அதில் 40 மில்லி மருந்து. உங்கள் மாடுகளுக்கு இதுவரை போய்ச் சேர்ந்தது 5 மில்லி. முதுகு நனைந்திருக்கும், உண்ணி இருக்கும் இடம் நனைந்திருக்காது. அரைகுறை மருந்தில் பலவீனமான உண்ணி செத்து, தாங்குகிற உண்ணி மிஞ்சும். அதன் முட்டையிலிருந்து வரும் குஞ்சுகளும் தாங்கும். மருந்து கேட்காத உண்ணி ஒரு பண்ணையில் உருவாவது இப்படித்தான்.

ஆனால் சரியான அளவில் அடித்திருந்தாலும், ஒருமுறை அடித்துவிட்டு விட்டிருந்தால் உண்ணி திரும்பித்தான் வந்திருக்கும். காரணம் அதன் வாழ்க்கையில் இருக்கிறது. உங்களிடம் ஒன்றல்ல, இரண்டு வகை உண்ணி இருப்பதாகவே தெரிகிறது. காபி நிற மூத்திரம் ஒன்றைக் காட்டிக்கொடுக்கிறது. செத்த கன்றின் கட்டியும் சுவரில் ஓடும் கோட்டுக்கால் உண்ணியும் மற்றொன்றை. இரண்டும் வாழும் விதம் வேறு என்பதால் வைத்தியமும் வேறு.

முதலாவது, ரைபிசெபாலஸ் மைக்ரோபிளஸ். ஊர் முழுக்க மாட்டின் மேல் சாம்பல் நிறத்தில் ஆமணக்கு முத்து போல் ஊதித் தொங்குவது இதன் பெண். வாய்ப்பகுதி குட்டை, கால்களும் குட்டை, வெளிறியவை. இது ஒரே மாட்டில் குடித்தனம் நடத்தும். புல்லிலிருந்து குஞ்சாக ஏறினால் அங்கேயே குடித்து, அங்கேயே இரண்டு முறை தோலுரித்து, அங்கேயே ஜோடி சேர்ந்து, ஏறக்குறைய 21 நாளில் வயிறு நிரம்பிக் கீழே விழும். கடைசி ஒரு நாளில்தான் குடிக்கிற ரத்தத்தில் பெரும்பங்கு உள்ளே போகிறது. அதனால்தான் நேற்று ஒன்றுமில்லாத மாட்டில் இன்று காலை கொத்தாக உண்ணி தெரிகிறது. அது புதிதாக வந்ததல்ல. மூன்று வாரமாக மயிருக்குள் இருந்து, இப்போதுதான் உங்கள் கண்ணுக்கு எட்டும் அளவுக்குப் பெருத்திருக்கிறது.

கீழே விழுந்த பெண் வெயில் படாத இடமாகப் பார்த்து நகரும். காய்ந்த சாணிக்கு அடியில், தொட்டி ஓரத்தில், புல் தூரில் ஒதுங்கி, சில நாளில் முட்டையிட ஆரம்பிக்கும். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஒன்றைப் போட்டு வைத்துப் பாருங்கள். முட்டை ஒவ்வொன்றாக வாய்க்கருகே வரும். தலைப்பக்கம் இருக்கும் ஒரு சுரப்பி அதன் மேல் மெழுகு பூசும். அந்த மெழுகால்தான் முட்டை காய்ந்துபோகாமல் இருக்கிறது. நாளாக ஆகத் தாய் சுருங்கும், முன்னால் பழுப்பு முட்டைக் குவியல் பெருகும். இரண்டாயிரம், மூவாயிரம் முட்டை இட்டபின் தாய் செத்துவிடும். வெதுவெதுப்பான காலத்தில் மூன்று வாரத்தை ஒட்டிக் குஞ்சு பொரிக்கும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான, ஆறு கால் குஞ்சு. எட்டுக் கால் அடுத்த பருவத்தில்தான் வரும்.

இந்தக் குஞ்சுகள் குதிக்காது, பறக்காது. புல் நுனியில் கொத்தாக ஏறி முன்னங்காலை நீட்டிக்கொண்டு காத்திருக்கும். அந்தக் காலில் உள்ள நுண்குழி மாட்டின் மூச்சுக்காற்றையும் வாடையையும் உணரும். மாடு உரசிய நொடியில் தொற்றிக்கொள்ளும். வெயில் ஏறினால் புல் தூருக்கு இறங்கி, காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி உடம்பைத் தேற்றிக்கொண்டு மறுபடி ஏறும். ஈரப்பதம் இருந்தால் மூன்று நான்கு மாதம் பட்டினி கிடக்கும். காய்ந்த கோடையில் அவ்வளவு தாக்குப்பிடிக்காது. உங்கள் தோட்டம் வாய்க்கால் பாசனம், வரப்புப் புல் வருடம் முழுக்கப் பச்சை. மானாவாரிக் காட்டில் சித்திரை வெயில் இலவசமாகச் செய்து தரும் வேலை உங்களுக்கு நடப்பதில்லை.

இப்போது உங்கள் பத்து நாள் கணக்கு புரியும். மருந்தடித்த அன்று மாட்டின் மேல் இருந்தவற்றில் பல செத்தன. அந்த நேரம் தோலுரித்துக்கொண்டு பழைய சட்டைக்குள் இருந்தவை மருந்துக்கு எளிதில் அகப்படாமல் தப்பின. ஒரு வாரம் பத்து நாளில் பெருத்துத் தெரிந்தவை அவைதான். அதற்குள் புல்லிலிருந்து புதுக் குஞ்சுகளும் ஏறிவிட்டன.

ஆகவே தெளிப்பை நாள் குறித்துச் செய்ய வேண்டும். முதல் தெளிப்பு முடிந்து ஒரு வாரத்தில் இரண்டாவது தெளிப்பு, இது தப்பியவற்றுக்கு. அதன்பின் 21 நாளுக்கு ஒருமுறை, குறைந்தது ஐந்து தடவை. வேகமாக வளரும் உண்ணி 18, 19 நாளிலேயே விழக்கூடும் என்றாலும், நன்றாக நனைத்த மருந்து தோலில் சில நாள் நின்று காப்பதால் 21 நாள் போதும். நோக்கம் ஒன்றுதான்: ஒரு பெண்கூட வயிறு நிரம்பித் தரையைத் தொடக்கூடாது. நான்கு மாதம் இப்படித் தடுத்துவிட்டால் தரையில் காத்திருக்கும் குஞ்சுகள் பட்டினியில் சாகும். நடுவில் 'இப்போது உண்ணியே இல்லையே' என்று ஒரு தடவையை விட்டுவிடுவதில்தான் பெரும்பாலும் இந்த முறை கெடுகிறது. உண்ணி கண்ணில் படாதபோது அடிப்பதுதான் இதில் முக்கியம்.

அடிக்கும் முறையிலும் கவனம் வேண்டும். களைக்கொல்லி அடித்த டேங்க் கூடவே கூடாது. மாட்டுக்கென்று தனித் தெளிப்பான் வைத்துக்கொள்ளுங்கள். மாடுகளுக்கு முதலில் வயிறு நிறையத் தண்ணீர் காட்டுங்கள், தாகத்தில் நக்காது. பால் கறந்த பிறகு, காலை இளவெயிலில் அடியுங்கள். சேறும் சாணியும் ஒட்டியிருந்தால் முந்தின நாளே கழுவிவிடுங்கள். மயிர் படியும் திசைக்கு எதிராக அடித்தால்தான் தோலில் இறங்கும். மடிக்கும் தொடைக்கும் நடுவிலும், வாலைத் தூக்கி அடியிலும், அலைதாடி மடிப்பிலும், குளம்பிடுக்கிலும் படவேண்டும். காதுக்குள் தெளிப்பானைக் காட்டாமல் கலவையில் நனைத்த துணியால் துடையுங்கள். அன்று மழையில் விடாதீர்கள், குளிப்பாட்டாதீர்கள். அடுத்த கறவைக்கு முன் மடியை நன்றாகக் கழுவுங்கள். பாலுக்கு எத்தனை நேரம் விலக்கு என்று லேபிளில் இருப்பதை அப்படியே பின்பற்றுங்கள். மீந்த கலவையை மறுவாரத்துக்கு வைக்கவும் வேண்டாம், வாய்க்காலில் ஊற்றவும் வேண்டாம். டெல்டாமெத்ரின் மீனுக்குக் கொடிய விஷம்.

முழு அளவில் இரண்டு தடவை அடித்தும் பலனில்லை என்றால்தான் மருந்து மீது சந்தேகப்பட வேண்டும். தெளித்த இரண்டாம் நாள், மாட்டில் இன்னும் உயிரோடு ஊதியிருக்கும் உண்ணி பத்தைப் பறித்து, துளையில்லாத மெல்லிய துணியால் வாய் கட்டிய பாட்டிலில் நிழலில் வையுங்கள். இரண்டு வாரத்தில் ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் முட்டையிட்டால், டெல்டாமெத்ரின் உங்கள் உண்ணிக்குக் கேட்கவில்லை. இந்தியாவில் பல இடங்களில் இப்படிப் பதிவாகியிருக்கிறது. அப்போது சைபர்மெத்ரினுக்கு மாறிப் பயனில்லை. இரண்டும் ஒரே இனம், ஒன்றைத் தாங்குவது மற்றதையும் பெரும்பாலும் தாங்கும். 12.5 சதவீத அமிட்ராஸ் லிட்டருக்கு 2 மில்லி என்று வேறு இனத்துக்குப் போகவேண்டும். தோட்டத்தில் குதிரை இருந்தால் அதன் மேல் அமிட்ராஸ் படக்கூடாது, குடல் அடைத்துக்கொள்ளும். பாட்டிலை மறக்காமல் வெந்நீர் ஊற்றி அழியுங்கள்.

ஐவர்மெக்டின் விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பால் விற்கிற, வீட்டுக்கு எடுக்கிற கறவைக்கு அதைப் போடக்கூடாது. கொழுப்பில் கரையும் மருந்து, நாள்கணக்கில் பாலில் வரும். வற்றுக்கறவையானாலும் கன்று ஈன இரண்டு மாதத்துக்குள் இருந்தால் தவிர்க்க வேண்டும். கிடேரிகளுக்கு 50 கிலோ எடைக்கு 1 மில்லி, தோலுக்கடியில், மருத்துவர் கையால் போடலாம். ஒரே மாட்டில் தங்கும் முதல் வகை உண்ணிக்கு அது கேட்கும். அடுத்து சொல்லப்போகும் வகைக்கு அவ்வளவாகக் கேட்காது. சாணியில் வெளியேறி, சாணியைப் புரட்டி மண்ணுக்குள் கொண்டுபோகும் வண்டுகளையும் கெடுக்கும் என்பதால் 'எதற்கும் இருக்கட்டும்' என்று போடுகிற மருந்து இல்லை அது.

சுவரில் ஓடுகிற அந்தக் கோட்டுக்கால் உண்ணி ஹயலோமா. வாய் நீளம், கடி ஆழம். புல் நுனியில் காத்திருக்காமல் மாடு நிற்கும் இடம் தேடி ஓடிவரும். ஒரே மாட்டில் முழு வாழ்க்கையையும் முடிப்பதில்லை. குடித்ததும் இறங்கி, சுவர் வெடிப்பிலோ செங்கல் அடுக்கிலோ போய்த் தோலுரித்து, அடுத்த பருவத்தில் வேறொரு மாட்டில் ஏறும். மாட்டின் மேல் இருக்கும் நாள் குறைவு, சுவரில் இருக்கும் நாள் அதிகம். எனவே மாட்டுக்கு மட்டும் மருந்தடித்தால் இதை ஒழிக்க முடியாது.

கொட்டகையைக் காலி செய்துவிட்டு மூலையில் கிடக்கும் விறகு, ஓடு, பழைய சாக்கு எல்லாவற்றையும் வெளியே போடுங்கள். சுவரிலும் தரையிலும் உள்ள வெடிப்புகளை சிமென்ட் பூசி அடையுங்கள். பத்துத் தடவை மருந்தடிப்பதைவிட ஒரு மூட்டை சிமென்ட் அதிக வேலை செய்யும். பூசும் முன் வெடிப்புக்குள் தீச்சுடர் காட்டுவது நல்லது, கூரை ஓலையாக இல்லாத பட்சத்தில். பிறகு லேபிளில் கொட்டகைக்கென்று தனியே போட்டிருக்கும் அளவில் மருந்து கலந்து, ஆள் உயரம் வரை சுவரிலும், தொட்டியின் அடியிலும், கட்டுத்தறி சுற்றியும் அடியுங்கள். முட்டைக்குள் இருப்பதும் தோலுரிப்பதும் தப்பிவிடும் என்பதால் 15 நாள் விட்டு மறுபடியும், அதற்கு ஒரு மாதம் கழித்து இன்னொரு முறையும் அடிக்க வேண்டும். மருந்து காய்ந்தபின்தான் மாட்டைக் கட்டலாம். எருக்குழியைக் கொட்டகைக்குத் தள்ளி வையுங்கள். நாட்டுக்கோழி இருந்தால் கட்டுத்தரையில் மேயவிடுங்கள், நிறைய உண்ணியைப் பொறுக்கித் தின்னும். மருந்தடித்த நாட்களில் மட்டும் அடைத்து வையுங்கள்.

நோயைப் பற்றி. காய்ச்சலோடு காபி நிற மூத்திரம் என்றால் பபேசியா ஒட்டுண்ணி ரத்தச் சிவப்பணுக்களை உடைப்பது என்றே முதலில் நினைக்க வேண்டும். அமெரிக்காவில் ஸ்மித், கில்போர்ன் என்ற ஆய்வாளர்கள் 1893இல் இந்த நோயை வைத்துத்தான், உண்ணியால் நோயைக் கடத்த முடியும் என்று நிரூபித்தார்கள். கிருமி தாய் உண்ணியிலிருந்து முட்டை வழியே குஞ்சுக்குப் போகிறது. நோய் வந்த மாட்டிலிருந்து விழுந்த ஒரே பெண்ணின் குஞ்சுகள் அடுத்த மாதம் மற்ற மாட்டுக்கு நோயைக் கொண்டுவரலாம் என்பதால், உங்கள் மற்ற மூன்று கறவைகளையும் கவனியுங்கள். தீவனம் குறைந்தால் உடனே வெப்பமானி வைத்துப் பாருங்கள். காய்ச்சல் இல்லாமல், கன்று ஈன்ற சில வாரத்தில் மட்டும் சிவந்த மூத்திரம் போனால் அது பாஸ்பரஸ் குறைவாகவும் இருக்கலாம். அதற்கு பபேசியாவுக்கான ஊசி போட்டால் பலன் இருக்காது. வைத்தியம் தொடங்கும் முன் காது நுனி ரத்தத்தை ஒரு கண்ணாடித் தகட்டில் பூசி எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

கன்றின் அறிகுறிகள் தைலேரியா என்ற இன்னொரு ரத்த ஒட்டுண்ணி நோயை ஒத்திருக்கின்றன. இது ஹயலோமா கடத்துவது. முட்டை வழியே போகாது; சின்ன வயதில் நோயுள்ள மாட்டில் குடித்த உண்ணி, வளர்ந்தபின் அடுத்த மாட்டைக் கடித்துக் கொடுக்கும். இதில் உங்களுக்குச் சாதகமான ஒன்று உண்டு. ஒட்டிய உடனே கிருமி இறங்குவதில்லை. உண்ணியின் எச்சில் சுரப்பிக்குள் அது முற்ற இரண்டு முதல் நான்கு நாள் ஆகும். ஆகவே ஒருநாள் விட்டு ஒருநாள் கன்றின் காது, தொடையிடுக்கு, வாலடி, மடிப்பகுதி பார்த்து உண்ணியை எடுத்துவிட்டாலே பெரும்பங்கு தடுக்கலாம். நோய் வந்தால் புபர்வாகுவோன் மருந்து உண்டு, ஆனால் கட்டி வீங்கிய முதல் நாட்களில் போட்டால்தான் பயன். கலப்பினக் கன்றுகளுக்குத் தடுப்பூசியும் இருக்கிறது. கிடைக்குமா, எந்த வயதில் போடுவது என்று உங்கள் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

காங்கேயம் பசுவில் குறைவாக இருப்பது தற்செயல் இல்லை. நம் திமில் மாட்டினங்கள் உண்ணிக் கடிக்கு வேகமாக எதிர்ப்பு காட்டும். ஒட்டுகிற குஞ்சுகளில் பெரும்பாலானவை அங்கே வயிறு நிரம்பாமலே போகும். ஆனாலும் 'அதற்குத்தான் இல்லையே' என்று அதை மட்டும் விட்டுவிட்டு மருந்தடிக்காதீர்கள். அதில் மிஞ்சும் பத்துப் பெண் போதும், இருபதாயிரம் முட்டைக்கு. இதற்காகக் கலப்பினத்தை விற்க வேண்டியதில்லை. அடுத்து வாங்கும்போது சந்தை மாட்டை நேரே கொட்டகைக்கு ஓட்டிவராமல், மூன்று வாரம் தள்ளிக் கட்டி, இரண்டு முறை மருந்தடித்துச் சேருங்கள். மருந்து கேட்காத உண்ணி பெரும்பாலும் இப்படித்தான் விருந்தாளியாக வருகிறது.

மூலிகை வைத்தியம் கேட்பவர்கள் உண்டு. பூண்டு 10 பல், வேப்பிலை, வேப்பம்பழம், துளசி, உண்ணிச்செடி இலை தலா ஒரு கைப்பிடி, வசம்பு 10 கிராம், மஞ்சள்தூள் 20 கிராம் அரைத்து ஒரு லிட்டர் நீரில் கரைத்து வடிகட்டி வாரம் ஒருமுறை தெளிப்பது மரபுவழிக் கால்நடை மருத்துவத்தில் சொல்லப்படும் முறை. இலேசான உண்ணிக்கும், ஐந்து தெளிப்பும் முடிந்தபின் பராமரிப்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைய நிலைக்கு அது மட்டும் போதாது. உண்ணிச்செடி இலையை மாடு தின்றால் ஈரல் கெடும், சக்கையைத் தொட்டியருகே போடாதீர்கள். மண்ணெண்ணெய், பழைய என்ஜின் ஆயில் பூசுவதை அடியோடு விடுங்கள், தோல் வெந்துபோகும்.

கையால் பறித்ததைத் தரையில் போடுவதும், காலால் தேய்ப்பதும் கூடாது. ஊதிய பெண் தரையில் விழுந்தால் அதன் வேலை முடிந்தது போலத்தான், முட்டையிடத் தடையில்லை. நசுக்கினால் உள்ளே உள்ள ரத்தம் உங்கள் கை வெடிப்பில் படும். ஹயலோமா கடத்தும் கிரிமியன் காங்கோ ரத்தக்கசிவுக் காய்ச்சல் 2011இல் குஜராத்தில் மனிதர்களிடம் கண்டறியப்பட்டது. தமிழ்நாட்டில் அதற்காகப் பயந்து நடுங்க வேண்டியதில்லை, ஆனால் வெறுங்கையால் நசுக்கும் பழக்கத்தை விட அது ஒரு நல்ல காரணம். கையுறை போட்டு, சோப்புத் தண்ணீர் உள்ள டப்பாவில் போட்டு, மேலே கொதிநீர் ஊற்றுங்கள்.

உங்கள் மேல் ஒட்டினால் நெருப்புக்குச்சி, சுண்ணாம்பு, பெட்ரோல் எதுவும் வேண்டாம். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டி அதன் வாயருகே பிடித்து, திருகாமல் நேராக இழுத்து எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். செய்தித்தாளில் உண்ணிக் காய்ச்சல் என்று வரும் ஸ்கிரப் டைஃபஸ் மாட்டு உண்ணியால் வருவதில்லை, புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத வேறொரு நுண்சிலந்தியின் குஞ்சால் வருவது. 1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா பக்கம் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல் வேறு. அதைக் கடத்துவது காட்டு உண்ணி. எதுவானாலும், உண்ணி கடித்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலோ கடுமையான தலைவலியோ உடம்பில் தடிப்போ வந்தால், மருத்துவரிடம் 'மாடு வைத்திருக்கிறோம், உண்ணி கடித்தது' என்பதையும், சத்தியமங்கலம் மலைப்பக்கம் மாடு மேய்க்கவோ விறகுக்கோ போயிருந்தால் அதையும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். அவர்கள் கேட்காமல் போகலாம்.